முன் சீட்டுக்காரி போட்ட பாட்டு

பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். அதனால் கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவளுக்கென்றே ஆகிவிட்டது. பாட்டுப் பெட்டியின் வயர் அந்தப் பக்கம்தான் தொங்கியது. யாராவது தன் போனை அதில் செருகினால்தான் பாட்டு. அவள் செருகினாள். ஒரே மாதத்தில் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த வேனில் பதிமூன்று பெண்கள். எல்லோருக்கும் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஊரின் இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு வேன் வரும். எது முதலில் வந்து சேருகிறதோ அந்த வேன்காரிகளுக்குச் சூடான உருளையில் விரிப்புகளைத் தேய்க்கும் வேலையும் மடிக்கும் வேலையும் கிடைக்கும். பிந்தி வந்தவர்களுக்குப் பிரிக்கிற மேசை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, ரத்தம் காய்ந்த துணி வேறு, மலம் ஒட்டிய துணி வேறு என்று கையால் பிரித்துப் போட வேண்டும். கையுறை உண்டு. ஆனால் மடிப்புக்குள் மறந்துபோய் வந்த ஊசிக்குக் கையுறை ஒரு பொருட்டில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஓர் ஊசி பாட்டுக்காரியின் கட்டைவிரலில் ஏறியது. ஆறு மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆறு மாதமும் அவள் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டாள். தன் மகளுக்கு ஒரு வாய் ஊட்டவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த மேசையைப் பார்த்தாலே அவளுக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும்.

டிரைவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவர், அதில் பாதி லாரியில். குடி கிடையாது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். ஒருத்தி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை கியரில் கை வைக்கமாட்டார். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். அண்ணனோடு வருவதற்கு நடந்தே போயிருந்தால் இந்நேரம் ரெண்டு வாட்டி போய் வந்திருக்கலாம் என்று பின் சீட்டில் கிண்டல் ஓடும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு இருந்த ஒரே ஆசை பாட்டு. எந்தப் பாட்டு வந்தாலும் வலது கையின் ஆள்காட்டி விரல் ஸ்டீயரிங்கில் தாளம் போடும்.

முன் சீட்டிலிருந்து பார்த்தால் வேகம் காட்டும் முள் நன்றாகத் தெரியும். அதை அவள் கவனிக்க ஆரம்பித்தது தற்செயலாகத்தான். மெதுவான பாட்டு ஓடும்போது முள் நாற்பத்தைந்தில் நிற்கும். குத்துப் பாட்டு வந்தால் அது தானாக அறுபத்தைந்துக்குப் போகும். பாட்டு முடிந்ததும் இறங்கும். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. விரல் மட்டும் வேகமாகத் தட்டும். காலும் விரலோடு போகும்போல.

நம்ப முடியாமல் ஐந்து நாள் பரீட்சை பார்த்தாள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் நீளமான நேர்சாலை. ஒரு நாள் அங்கே மெல்லிய பாட்டு, மறுநாள் துள்ளல் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஐந்து நாளும் முள் சொன்னபடி கேட்டது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்போ ஸ்டீயரிங் மட்டும்தான் அவர்கிட்ட. ஆக்சிலேட்டர் உன்கிட்ட இருக்கு," என்றார்.

அவளுக்கு அது பெருமையாக இருந்தது. மறுநாள் அண்ணன் டீ குடிக்க இறங்கிய சமயம் பார்த்துப் பின்னால் திரும்பி மற்றவர்களிடமும் சொன்னாள். வேனே குலுங்கியது. அவர் திரும்பி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு நேரமாகிவிட்டால் பின்னாலிருந்து யாராவது, "பாட்டுக்காரி, உன் வேலையைக் காட்டு," என்பார்கள். அவள் பாட்டை மாற்றுவாள். வேன் முந்திக்கொள்ளும். அந்த மழைக்காலம் முழுவதும் அவர்கள் பிரிக்கிற மேசைப் பக்கம் போகவே இல்லை. அண்ணனிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் மனுஷன் உஷாராகிவிடுவார், காரியம் கெட்டுவிடும்.

அந்த வியாழக்கிழமை மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் அக்காவின் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் வந்து ஏறவே பத்து நிமிடம் ஆகிவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. மணியை மட்டும் பார்த்தார்கள். ராத்திரி பெய்த மழையில் சாலை கறுப்பாகப் பளபளத்தது. பெட்ரோல் பங்க் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் பாட்டை மாற்றினாள். போதாது என்று சத்தத்தையும் கூட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முள் எழுபதைத் தொட்டது, எழுபத்தைந்துக்குப் போனது. இவ்வளவு தூரம் அது இதுவரை போனதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நேர்சாலை முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவை ஒட்டிக் குப்பை வண்டி நின்றது. அதற்கு இந்தப் பக்கம், சாலையோரத்து வாய்க்காலில் அடைத்துக்கிடந்த இலைகளை ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒரு பெண் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வேன் நின்ற பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் வயரைப் பிடுங்கினாள். "என்ன அது?" என்றார் அண்ணன். என்ன என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒரு ரப்பர் பூட்ஸ் சாலை நடுவில் தனியாகக் கிடந்தது. அண்ணன் ஈரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "அம்மா, இங்க பாரும்மா, கண்ணைத் திறம்மா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் பதிமூன்று பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேனைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்த முதலாளி வந்தார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வண்டி ஐம்பதில்தான் வந்தது, அந்தம்மாதான் குப்பை வண்டிக்குப் பின்னாலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது, நீங்கள் பார்த்தது இதுதானே என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். ஒவ்வொருத்தியும் தலையாட்டினாள். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அண்ணன் ஒரு மூலையில் நின்றிருந்தார். சட்டை முன்பக்கம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவள் தாண்டிப் போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"அம்பதைத் தாண்டலதானேம்மா? நீ பக்கத்துல இருந்தியே."

முதலாளி சொல்லிக்கொடுத்ததை அவர் ஒப்பிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் நினைப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

"தாண்டலண்ணே," என்றாள்.

ஜாமீனில் வந்த பிறகும் அவர் எல்லோரிடமும் அதையேதான் சொன்னாராம். ஐம்பதில் வந்த வண்டி ஏன் நிற்கவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. டயரைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார், தன் கண்ணில் கோளாறோ என்று டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

வேன் மறுபடி ஓடியது, வேறு டிரைவரோடு. பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மடிப்பு அக்கா ஒரு நாள் மட்டும், நான் அன்றைக்கு லீவு போட்டிருக்க வேண்டும் என்றாள்.

நான்கு மாதம் கழித்துச் சாட்சி சொல்ல வரச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தது. போன அன்று கேஸை எடுக்கவில்லை. வெளியே மர பெஞ்சில் காத்திருந்தபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவள். செத்துப்போனவளின் அக்கா. எந்த வாய்தாவையும் விடாமல் வருகிறாள் என்று பிறகு தெரிந்தது. அவள் சண்டை பிடிக்க வரவில்லை. முன் சீட்டில் இருந்தது நீதானே என்று உறுதிசெய்துகொண்டாள். பிறகு கேட்டாள்.

"அவ கத்தினாளா?"

பாட்டுக்காரி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். கத்தினாளா, இல்ல தெரியாமலே போயிட்டாளா? அதை மட்டும் சொல்லு."

"கேக்கல," என்றாள் அவள். "வண்டியில பாட்டு. சத்தமா வெச்சிருந்தேன்."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. சரி என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து பாட்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. உருளையில் விரிப்பைக் கொடுக்கும்போது கை தன்பாட்டுக்குப் போய்வரும், மனசு அந்தப் பெஞ்சில் கிடக்கும். அந்தப் பெண் கத்தியிருந்தால்? கத்தியும் பதிமூன்று பேரில் ஒருத்தி காதிலும் விழவில்லை என்றால்? ஒரு வாரம் கழித்துப் புருஷனிடம், போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள். அவர் பயந்துவிட்டார். உன்னைப் பிடித்து உள்ளே போட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்றார். போடட்டும் என்றாள். உள்ளூர அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். தன் பங்கு தன் தலையில் வந்து இறங்கினால் அண்ணனுக்குப் பாரம் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி பொறுமையானவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். ஐந்து நாள் பரீட்சை, பின் சீட்டுக் குரல், பெட்ரோல் பங்க், எழுபத்தைந்து, முதலில் கையெழுத்துப் போட்ட ஐம்பது பொய் என்பது. சொல்லி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாட்டுப் போடறது குத்தம் இல்லம்மா. வண்டியை யார் ஓட்டினா?"

"அண்ணன்தான். ஆனா அவருக்கே தெரியாது சார்."

"எழுபத்தஞ்சுல வந்தது உங்க கண்ணால பாத்தீங்க."

"பாத்தேன்."

"பாட்டு சத்தமா இருந்துது. அவர் குறைக்கச் சொல்லல."

"சொல்லல. ஆனா சார்..."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார். அதில் அவள் பரீட்சை இல்லை, பின் சீட்டுக் குரல் இல்லை. ஈரச் சாலையில் எழுபத்தைந்து கிலோமீட்டர் வேகம், வெளிச்சத்தம் கேட்காத அளவுக்குப் பாட்டு, இவ்வளவுதான் இருந்தது. மற்றதையும் எழுதுங்கள் என்று அவள் கேட்டாள். அதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்றார். கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. போட்டாள்.

கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். அங்கேயாவது முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று போனாள். சொல்லவும் சொன்னாள். மெதுவான பாட்டுக்கு இவ்வளவு, வேகமான பாட்டுக்கு இவ்வளவு, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் மாற்றினேன் என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. டிரைவருக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். தன் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பது டிரைவருக்குத் தெரியாதா என்று மறுபடி கேட்டார். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அதுவரை குனிந்து நின்றிருந்த அண்ணன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கூண்டிலிருந்து இறங்கி வெளியே போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மற்றவர்களையும் மறுபடி கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒருத்தி சொன்னதும் ஒவ்வொருத்தியாக, ஆமாம், வேகமாகத்தான் வந்தது என்றார்கள். பாட்டைப் பற்றி அவர்கள் யாரும் மூச்சு விடவில்லை. அண்ணனுக்கு இரண்டரை வருஷம். லைசென்ஸ் நிரந்தர ரத்து. தீர்ப்பைக் கேட்டுச் செத்துப்போனவளின் அக்கா அழவும் இல்லை, யாரையும் ஏசவும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணனின் மனைவி பாட்டுக்காரியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாங்க அண்ணி என்று கூப்பிட்டும் வரவில்லை. செருப்பைக் கழற்றவில்லை.

"நீ செஞ்சதைக் கழுவிக்க உனக்கு என் புருஷன்தான் கெடச்சாரா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. பதிலுக்கு நிற்காமல் படி இறங்கினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பாட்டுக்காரி ஜெயிலுக்குப் போனாள். புருஷன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து உட்கார்ந்தார். முடி ஒட்ட வெட்டியிருந்தார்கள். கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா என்று அவள் கேட்டதற்கு ஒவ்வொரு வார்த்தையில் பதில் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"உள்ள வந்ததுக்கு எனக்குக் கோபமில்லம்மா. ஒரு உசுர் போயிருக்கு. என் கால்தான் மிதிச்சுது, நான்தான் உள்ள இருக்கணும்."

பிறகு வலைக்குப் பக்கமாகக் குனிந்தார்.

"ஆனா இருபத்திரண்டு வருஷமா வண்டியை நான்தான் ஓட்டறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். நீ கூண்டுல சொன்னப்பதான் தெரியுது, என்னை நீ ஓட்டிட்டு இருந்திருக்கே."

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் காத்திருந்தார். அவள் ஓய்ந்ததும் கேட்டார்.

"மத்த புள்ளைங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்ணே."

அவர் தலையாட்டினார். தினமும் காலையில் கதவைத் திறந்துவிட்டு, ஒவ்வொருத்தியும் உட்கார்ந்தாளா என்று கண்ணாடியில் பார்த்துக் கிளம்பிய மனுஷன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பதிமூன்று பேரும் தன்னை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் பத்து நிமிடம் நேரம் இருந்தது. அவர் எழுந்து காவலரிடம் போகலாம் என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவள் போனபோது வர மறுத்துவிட்டார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. பிறகு அவள் போகவில்லை.

தண்டனை முடிந்து அவர் வெளியே வந்தது சலவைக்கூடத்தில் யாரோ சொல்லித்தான் தெரியும். ஒரு மரக்கடையில் பலகை அடுக்குகிறாராம். வீட்டிலிருந்து மரக்கடைக்கு ஐந்து கிலோமீட்டர், போகவர நடைதானாம். பஸ்ஸில் ஏறுவதில்லையாம். யார் கூப்பிட்டாலும் எந்த வண்டியிலும் ஏறமாட்டாராம்.

அவள் எப்போதோ வேனை விட்டுவிட்டு ஊர் பஸ்ஸில் போக ஆரம்பித்திருந்தாள். கூட்டத்தில் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு திங்கட்கிழமை காலை புதிதாக வந்த டிரைவர் துள்ளலாக ஒரு பாட்டைப் போட்டார். பஸ் நிறைய ஆள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டுவரை நின்றார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். முள் ஐம்பதிலிருந்து நகர ஆரம்பித்திருந்தது.

"சார், பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள்.

தலை வலியா என்று அவர் கேட்டார். இல்லை, வேகம் ஏறுகிறது என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

"ஓட்டறவன் நான். எனக்குத் தெரியாம ஏறுமாக்கா?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர், காலையிலேயே ஏன் சிடுசிடுப்பு, பாட்டு இருந்தால்தானே உற்சாகம் என்றார். அவள் மறுபடி கேட்டாள். முள் அறுபதைத் தாண்டியது. டிரைவரின் தலை பாட்டுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் மணிக் கயிற்றை இழுத்தாள். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் கத்தினார், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், டிரைவர் திட்டிக்கொண்டே ஓரங்கட்டினார். இறங்கு, முதலில் இறங்கு என்றார்கள். இறங்கினாள். பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பாட்டு கொஞ்ச தூரம் கேட்டது. அந்தப் பிள்ளைகளையும் இறக்கியிருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.